வழிமொழிந்தவர்

அன்புராசாவுக்கு ‘மாட்டன்’ என்ற சொல் வாயில் வராது. ரொறன்ரோவில் ஸ்காபரோப் பக்கத்தில் அவரை அறிந்த எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்து வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற சனமா எங்கள் சனம்? கோயில் தேருக்குக் கார்த் தரிப்பிடத்தில் நின்று கை காட்ட ஆள் வேண்டும் என்றால் அன்புராசா. யாருடையவோ மாமியாரை விமான நிலையத்தில் இறக்கவேண்டும் என்றால் அன்புராசா. கலியாண வீட்டில் எல்லாரும் போனபிறகு மிஞ்சிய சாமான்களைக் காரில் ஏற்றுவதற்கும் அவர்தான். “உங்களுக்கு ரெண்டு வருத்தம். ஒண்டு சீனி, மற்றது தாட்சண்ணியம். சீனிக்கு எண்டாலும் குளிசை இருக்கு” என்பார் அவருடைய மனைவி மங்கையற்கரசி. அவர் சிரித்துவிட்டுக் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுவார்.

வோபர்னில், சுவரோடு சுவர் ஒட்டிய ஒரு ரவுன்ஹவுஸில் இருக்கிறார்கள். ஜன்னல் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேலாக வேலை. கண்ணாடியைச் சட்டத்துக்குள் இறக்கி, ஓரத்துக்குப் பசை வைத்து, அடுத்த மேசைக்குத் தள்ளவேண்டும். ரொறன்ரோவில் இன்றைக்கு வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கிற கொண்டோக்களில் எத்தனையோ ஜன்னல்கள் அவர் கை பட்டவை. அப்படி ஒரு கொண்டோவில் வாடகைக்கு இருக்கிற மகள் நிலாணி, பனிக்காலத்தில் ஜன்னலோரம் காற்று வருகிறது என்று அவரிடமே முறைப்பாடு சொன்னாள். “அது எங்கடை கொம்பனி இல்லை” என்று அவர் அடித்துச் சொன்னார். அவர்களுடைய கொம்பனிதான்.

அகதியாக வந்து இறங்கியபோது வெக்ஸ்போர்ட்டில் ஒரு பேஸ்மென்றில் ஐந்தாறு பேரோடு ஒருவராகப் படுத்தவர். அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அறையை விட்டு வெளியே போக இருந்த ஒரே காரணம் உதைபந்து. பூங்காவில் கூடியவர்கள் ஊரைக் கேட்க முதல் ‘நீர் எந்தக் கொலிஜ்?’ என்றுதான் கேட்டார்கள். எங்களுக்குக் கொலிஜ் என்றால் பல்கலைக்கழகம் அல்ல, பள்ளிக்கூடம். மீசை அரும்பும் வயதில் விட்டுவந்த பள்ளிக்கூடத்தின் பெயரை நரைத்தபிறகும் நெஞ்சில் குத்திக்கொண்டு திரிகிற கூட்டம் நாங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே பள்ளிக்கூடங்கள் எல்லாம் அணிகளாகி, அணிகள் ஒரு சம்மேளனமாகி, சம்மேளனத்துக்கு விதிகள் எழுதிய ஒரு யாப்பும் ஒரு வெள்ளிக் கிண்ணமும் வந்து சேர்ந்தன. வென்ற கல்லூரியின் பெயரைக் கிண்ணத்தின் அடியில் வருடத்தோடு பொறிப்பார்கள்.

அன்புராசாவின் பள்ளிக்கூடம் வடலிப்பிட்டிக் கல்லூரி. ஊரிலேயே யாரும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளாத பள்ளிக்கூடம். அங்கே அவர் நல்ல ஆட்டக்காரரும் அல்ல, கோட்டுக்கு வெளியே நின்று மற்றவர்கள் கழற்றிய சேட்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தவர். ரொறன்ரோவில் அவர்தான் வடலிப்பிட்டி அணியின் மனேஜர். மனேஜர் என்றால் ஜேர்சி தோய்ப்பவர், தண்ணீர் சுமப்பவர், மைதானத்துக்கு நகரசபையில் பெர்மிற் எடுப்பவர், வராதவனை வீட்டுக்குப் போய் எழுப்பிக் கூட்டி வருபவர். இவ்வளவு காலத்தில் வடலிப்பிட்டி ஒருமுறைகூட இறுதியாட்டத்துக்குப் போனதில்லை.

சில வருடங்களுக்கு முன் ஊரில் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். படிக்கப் பிள்ளைகள் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது, கேற்றில் சங்கிலி போட்டபடி. அன்புராசா பார்த்துவிட்டு, “மழைக்கு ஒழுகிற பள்ளிக்கூடம், பூட்டினாலென்ன” என்றார். ஆனால் அன்றைக்கே அவருக்கு ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. வடலிப்பிட்டி என்ற பெயர் அந்தக் கிண்ணத்தில் ஒருமுறை ஏறவேண்டும். வேறெங்கும் அதை இனி யாரும் எழுதப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும்.

அதற்குக் காலமும் இல்லை. ஓர் அணியில் ஐந்து பேராவது அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களாக இருந்து, பூட்ஸ் போட்டு, ஆடாவிட்டாலும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து நிற்கவேண்டும் என்பது யாப்பு. மற்றவர்கள் அவர்களின் பிள்ளைகளாகவோ மருமக்களாகவோ இருக்கலாம். அன்புராசாவையும் சேர்த்துச் சரியாக ஐந்து பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். அதில் ஒருவர் இலையுதிர் காலத்தில் மகளோடு எட்மன்ரனுக்குக் குடிபோகிறார். ஆகவே இந்தக் கோடைதான் வடலிப்பிட்டிக்குக் கடைசிக் கோடை. நல்ல காலமோ கெட்ட காலமோ, பெடியன்கள் எல்லாரும் வளர்ந்து, அணி என்று சொல்லக்கூடிய ஓர் அணி சேர்ந்ததும் இந்த வருடந்தான்.

இனிச் சண்டைக்கு வருவோம். பன்னிரண்டு அணிகள். கோடை குறுகியது, மைதானம் கிடைப்பது அருமை. எல்லாரும் எல்லாரோடும் ஆட முடியாது. ஆகவே ஏ, பி என்று இரண்டு பிரிவு. பெரிய கல்லூரிகள் எப்படியோ ஏ பிரிவிலும் சின்னவை எப்படியோ பி பிரிவிலும் போய் விழும். அந்த ‘எப்படியோ’வைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. அதற்குப் பிறகு சம்பியனை எப்படித் தீர்மானிப்பது? புள்ளிக் கணக்கில் முன்னுக்கு நிற்கிற இரண்டு அணிகள் மோதுவதா, பிரிவுக்கு ஒன்றாக எடுப்பதா, எல்லாரையும் மறுபடி மோதவிட்டு ஒவ்வொருவராகக் கழிப்பதா? இந்தக் கேள்வியால் சம்பந்திகள் முகம் பார்க்காமல் விட்டிருக்கிறார்கள். ஒரு வருடம் நாணயம் சுண்டிப் பார்த்தார்கள். தோற்றவர்கள் நாணயத்தையே பிழை சொன்னார்கள்.

சம்மேளனத்தின் தலைவர் றொனால்ட். எல்லாருக்கும் றொனால்ட் அண்ணை. மார்க்கம் நகரில் பெரிய வீடு, ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில் காப்புறுதி அலுவலகம். அவர் ஞானவேலர் கல்லூரி, பெரிய கல்லூரிகளில் பெரியது. கெட்ட மனிதர் அல்ல. கெட்ட மனிதராக இருந்திருந்தால் அன்புராசாவுக்குத் திட்டவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும். அவருடைய மகன் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் படித்தவன். அதனால் அண்ணைக்கு அமெரிக்கக் கொலிஜ் புட்போலில் பைத்தியம். அது முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம், எங்கள் ஆட்டமே அல்ல. ஆனால் அங்கேயும் அணிகள் நூற்றுக்கு மேல், எல்லாரும் எல்லாரோடும் ஆட முடியாது. நாட்டின் சம்பியன் யார் என்று தலைமுறை தலைமுறையாக அவர்களும் சண்டை பிடிக்கிறார்கள். ஒரு காலம் பத்திரிகைக்காரர் வாக்குப் போட்டார்கள். பிறகு கம்பியூட்டரைக் கேட்டார்கள். பிறகு ஒரு குழுவை அறைக்குள் இருத்தி நாலு அணிகளைத் தெரிவுசெய்யச் சொன்னார்கள், இப்போது பன்னிரண்டைத் தெரிவுசெய்கிறார்கள். சண்டை குறைந்தபாடில்லை. றொனால்ட் அண்ணையின் கண்ணுக்குச் சண்டை தெரியவில்லை, குழு மட்டுந்தான் தெரிந்தது.

மார்ச் மாதத்தில் வருடாந்தப் பொதுக்கூட்டம். அதற்கு முதல் நாள் அவர் அன்புராசாவுக்குப் போன் எடுத்தார்.

“அன்பு, நாளைக்கு ஒரு தீர்மானம் கொண்டுவாறம். தெரிவுக் குழு ஒண்டு, ஏழு பேர். எல்லா மட்சையும் பார்த்து, ஆர் உண்மையா நல்ல ரீம் எண்டு அவையள் ரெண்டு ரீமைத் தெரிவினம். அவைதான் ஃபைனல். புள்ளி, பிரிவு எண்டு இனி ஒரு சண்டையும் இல்லை.”

“ஓம் அண்ணை.”

“ஞானவேலர் முன்மொழியுது. நீர் வழிமொழிஞ்சா நல்லாயிருக்கும். பெரிய பள்ளிக்கூடங்கள் சேர்ந்து செய்யுதுகள் எண்டு ஒரு கதை வரக்கூடாது பாரும்.”

அந்தக் கடைசி வசனத்திலேயே எல்லாம் இருந்தது. வேறொருவர் என்றால் அந்த இடத்திலேயே விழித்துக்கொண்டிருப்பார். அன்புராசாவின் காதில் விழுந்தது ஒன்றுதான்: தன்னை மைக்கில் பேசக் கேட்கிறார்கள். முப்பது வருடத்தில் கதிரை அடுக்கக் கேட்டிருக்கிறார்கள், பெட்டி தூக்கக் கேட்டிருக்கிறார்கள். மைக் பிடிக்க யாரும் கேட்டதில்லை.

எங்கள் சங்கங்களில் ஒரு தீர்மானத்தை ஒருவர் முன்மொழியவேண்டும், இன்னொருவர் வழிமொழியவேண்டும். அந்த இரண்டு பேரும் எழும்பிவிட்டால் மிச்சம் கைதட்டு. எதிர்த்துக் கை உயர்த்துகிறவனுக்கு வீட்டில் ஏதோ பிரச்சினை என்று முடிவு கட்டிவிடுவார்கள். எல்லாம் ஏகமனதாக நிறைவேறும், பிறகு கார்த் தரிப்பிடத்தில் எல்லாரும் எல்லாவற்றையும் எதிர்ப்பார்கள்.

அந்த முறை எதிர்க்க ஓர் ஆள் இருந்தார். சீமோன். பஸ் ஓட்டுகிறவர், சென் பாசில்ஸ் கல்லூரிப் பிரதிநிதி, எந்தக் கூட்டத்திலும் சாப்பாட்டைப் பிந்தப்பண்ணுகிறவர் என்று பெயர் எடுத்தவர். பாங்குவெற் ஹோலில் பின்வரிசையில் இருந்து எழும்பினார்.

“அமெரிக்காவைக் காட்டுறீங்கள். அங்கை என்ன நடந்தது தெரியுமோ? கொஞ்சக் காலத்துக்கு முன்னம் ஒரு ரீம் அந்த வரியம் ஒரு மட்சும் தோக்கேல்லை. அவங்கடை முக்கியமான பெடியன் காலை முறிச்சுப்போட்டான். இனி உவங்கள் முந்தின மாதிரி விளையாட மாட்டாங்கள் எண்டு குழு அவங்களை வெளியிலை விட்டிட்டுது. விளையாடி வெண்ட மட்சுக்கு மதிப்பில்லை. விளையாடாத மட்சைக் கற்பனை பண்ணித் தோற்கடிச்சவை. எங்களுக்கும் உதுவோ வேணும்?”

“சீமோன், சோறு ஆறுது” என்றார் யாரோ. மண்டபம் சிரித்தது.

அன்புராசா சிரிக்கவில்லை. சீமோன் சொல்வது சரி என்று அவருக்குப் பட்டது. ஆனால் கலியாணங்களுக்கு மட்டும் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். றொனால்ட் அண்ணை முன்வரிசையில் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். வெள்ளைக்காரன் அப்படிச் செய்வான், எங்கடை ஆக்கள் செய்யாயினம் என்று அன்புராசா மனதுக்குள் சொல்லிக்கொண்டு எழும்பினார். மைக் கொஞ்சம் உயரமாக இருந்தது.

“வடலிப்பிட்டிக் கல்லூரி சார்பிலை இதை நான் வழிமொழியிறன்.”

கைதட்டினார்கள். நல்லாகவே தட்டினார்கள். யாரோ போனில் பிடித்த வீடியோவை நிலாணி அணியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள், அப்பாவின் கோட்டைப் புகழ்ந்து. வீட்டில் மங்கையற்கரசி அதைப் பார்த்துவிட்டு, “என்னத்தை வழிமொழிஞ்சனீங்கள்?” என்று கேட்டார். அவர் விளங்கப்படுத்தினார். மங்கையற்கரசி யோசித்துவிட்டு, “அப்ப எல்லா மட்சும் வெண்டாலும் அவை விட்டாத்தான் ஃபைனலோ?” என்றார்.

“அப்பிடியில்லை. குழுவிலை இருக்கிறது எங்கடை ஆக்கள்தானே” என்றார் அன்புராசா.

அந்தக் கோடையில் வடலிப்பிட்டி தோற்கவில்லை. முதல் ஆட்டத்தில் வென்றபோது தற்செயல் என்றார்கள். அடுத்ததிலும் வென்றார்கள். அன்புராசாவின் அக்கா மகன் திலக்சன்தான் கீப்பர். கதவு நிலையில் தலை இடிக்கிற நெடுவல், இங்கே பிறந்தவன், வடலிப்பிட்டியைப் படத்தில்கூட ஒழுங்காகப் பார்க்காதவன். அவன் கைக்குள் பந்து போனால் வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் அன்புராசா காலையிலேயே மைதானத்துக்குப் போய்க் கோல் வலையைக் கட்டிவிட்டு நிற்பார். ஆட்டம் தொடங்கினால் ஓர் இடத்தில் இருக்கமாட்டார், பூட்ஸோடு கோட்டோரம் மேலும் கீழும் நடப்பார். சந்தோசமாக இருந்தார், சொல்லவேண்டும். வேலைத்தலத்தில் கண்ணாடியை இறக்கும்போது தனக்குள் சிரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்த சூப்பர்வைசர், “லொத்தர் விழுந்துட்டுதோ?” என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

கடைசி லீக் ஆட்டத்தில், இடைவேளைக்குப் பிறகு, பந்துக்குப் பாய்ந்த திலக்சன் கோல் கம்பத்தோடு மோதினான். மணிக்கட்டு முறிந்துவிட்டது. அவனைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு, பின்வரிசையில் ஆடிய ஜனார்த்தன் என்ற பெடியனுக்குக் கையுறையை மாட்டிவிட்டார்கள். மற்றப் பெடியன்கள் கீப்பருக்கு முன்னால் நின்று விழுந்து எழும்பி மறித்தார்கள். ஒரு கோலால் வென்றார்கள். பி பிரிவில் முதலிடம், ஒரு தோல்வியும் இல்லை. ஏ பிரிவில் ஞானவேலரும் தோற்கவில்லை. அதே பிரிவில் சென் பாசில்ஸ் ஞானவேலரிடம் ஒருமுறை தோற்றிருந்தது. சின்னப் பிள்ளையிடம் கேட்டாலும் இறுதியாட்டம் யாருக்கும் யாருக்கும் என்று சொல்லும்.

தெரிவுக் குழு றொனால்ட் அண்ணையின் அலுவலகத்தில் கூடியது. வாயை அடைக்கவேண்டும் என்று சீமோனையும் குழுவில் போட்டிருந்தார்கள். அன்புராசாவை யாரும் வரச் சொல்லவில்லை, ஆனாலும் வேலை முடிந்து நேரே வந்து பிளாசாத் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்தார். அலுவலக ஜன்னலில் கிண்ணம் வைத்திருந்தார்கள். வெயில் பட்டுத் தெரிந்தது.

முதலில் வெளியே வந்தவர் சீமோன். காருக்குக் கிட்ட வந்து, கதவைத் திறக்காமல், திறந்த ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“ஞானவேலரும் சென் பாசில்சும்” என்றார்.

“சென் பாசில்ஸ் உங்கடை பள்ளிக்கூடமெல்லோ.”

“ஓம். நான் ஒருத்தன்தான் எதிர்த்தனான். என்ரை பள்ளிக்கூடத்துக்கு எதிரா நான் கை தூக்க, ஆறு பேரும் என்னை விசரனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாங்கள்.”

அன்புராசா இறங்கி உள்ளே போனார். றொனால்ட் அண்ணை அவரைக் கண்டதும் எழும்பி, கதிரையை இழுத்துப்போட்டு, ரீ வேணுமோ என்று கேட்டார். அதுதான் அவர் குணம்.

“அண்ணை, நாங்கள் ஒண்டும் தோக்கேல்லை.”

“ஓம் அன்பு. அதை எல்லாரும் ஒத்துக்கொண்டவை. நல்ல விளையாட்டு. ஆனா பி பிரிவு எண்டா என்னெண்டு உமக்கும் தெரியும். அதோடை கீப்பரும் இல்லை. ஃபைனலிலை உங்களுக்கு ஆறு ஏழு கோல் விழுந்தா ஆருக்கு வெக்கம்? சனம் ரிக்கற் எடுத்து வருகுது. உங்கடை நன்மையையும் பார்த்துத்தான் முடிவெடுத்தது.”

“விளையாடாமல் எப்பிடி அண்ணை தெரியும்?”

“அதுக்குத்தானே குழு.”

“இது நியாயமில்லை அண்ணை.” தலைவர் ஒருவரின் முகத்துக்கு நேரே அவர் சொன்ன முதல் எதிர்ப்பு அதுதான்.

றொனால்ட் அண்ணை கோபிக்கவில்லை. குரலைத் தணித்து, உண்மையாகவே ஆச்சரியப்பட்டவராகக் கேட்டார். “நீர்தானே வழிமொழிஞ்சனீர், அன்பு?”

அவர்தான் வழிமொழிந்தார். அன்புராசா அந்தக் கதிரையில் இருந்தார். ரீயை வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. குடித்துவிட்டுத்தான் வந்தார்.

பெடியன்களுக்கு அவரே சொல்லவேண்டியிருந்தது. அடுத்த ஞாயிறு பயிற்சிக்கு வந்தவர்களைப் புல்லில் இருத்திவைத்துச் சொன்னார். மாவுக்கட்டோடு இருந்த திலக்சன் போனை எடுத்து, அந்த மார்ச் மாத வீடியோவைத் தேடிப் பிடித்து, மறுபடி ஓடவிட்டான். கோட்டுப் போட்ட அன்புராசா அதற்குள் நின்று வழிமொழிந்தார். உள்ளே கைதட்டல் கேட்டது.

“மாமா, இதுக்கோ நீங்க யெஸ் சொன்னீங்க? யூ செக்கண்டட் திஸ்?”

“ஓம்.”

“வை?”

“கேட்டவை, தம்பி.”

திலக்சன் போனை அணைத்தான். “ஸோ, நாங்க மார்ச்சிலேயே தோத்திட்டம். சமர் ஃபுல்லா சும்மா ஓடியிருக்கிறம்.” அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அன்புராசாவுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

சீமோன் விடவில்லை. யாப்பைத் தூக்கிக்கொண்டு திரிந்து, கையெழுத்து வாங்கி, விசேட பொதுக்கூட்டம் ஒன்றைக் கூட்டவைத்தார். தெரிவுக் குழுவை நீக்கவேண்டும், இரண்டு பிரிவிலும் முதல் வந்தவர்கள் இறுதியாட்டம் ஆடவேண்டும் என்பது அவருடைய தீர்மானம். முன்மொழிவது தான். வழிமொழிய யாராவது ஒருவர் வேண்டும். “அன்பு, நீர் எழும்பவேணும். எழும்பினாப் போதும்” என்றார். அன்புராசா ஓம் என்றார். அவருடைய ஓம்களில் அது ஒன்றுதான் அவருக்காகச் சொன்னது. பெடியன்களுக்கும் சொல்லிவைத்தார். நாலைந்து பேர் வந்து மண்டபத்தின் பின்சுவரோடு நின்றார்கள்.

சீமோன் முன்மொழிந்தார். இந்த முறை சாப்பாடு இல்லாததால் யாரும் சிரிக்கவில்லை.

“வழிமொழிய ஆரும் இருக்கிறீங்களோ?” என்று றொனால்ட் அண்ணை கேட்டார்.

அன்புராசா எழும்பினார். நேரே நின்றார். “வடலிப்பிட்டிக் கல்லூரி…” என்று தொடங்கினார்.

“அன்பு, ஒரு நிமிசம் இரும்.” அண்ணை யாப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தவரோ வழிமொழிந்தவரோ, அதே ஆண்டில் அதை நீக்கும் தீர்மானத்தை முன்மொழியவோ வழிமொழியவோ முடியாது. மண்டபத்தில் கை தூக்கிவிட்டு வீட்டுக்குப் போய் மனைவியிடம் ஏச்சு வாங்கியபிறகு மனம் மாறுகிறவர்களால் ஒரு காலத்தில் வந்த விதி. எல்லாரும் மறந்துபோயிருந்தார்கள், சீமோன்கூட. “எனக்கு விருப்பம்தான் அன்பு. ஆனா யாப்பு விடுகுதில்லை. வேறை ஆரும்?”

ஒரு கல்லூரிக்கு ஒரு பிரதிநிதி. பி பிரிவுக் கல்லூரிகள் இன்னும் ஐந்து இருந்தன. கார்த் தரிப்பிடத்தில் இதே ஆட்கள் அன்புராசாவின் கையைப் பிடித்து, அநியாயம், கொடுமை என்றெல்லாம் சொன்னவர்கள். இப்போது ஒருவர் போனைப் பார்த்தார். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒருவர் அன்புராசாவையே இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் எழும்பவில்லை. அண்ணையின் முகத்தை முறிக்க ஒருவருக்கும் விருப்பமில்லை. அன்புராசாவுக்கு அவர்களில் கோபம் வரவில்லை. மார்ச்சில் அந்தக் கதிரைகளில் இருந்தது அவரேதான்.

“வழிமொழிய ஆளில்லாதபடியால் தீர்மானம் எடுக்கப்படேல்லை” என்றார் றொனால்ட் அண்ணை. அன்புராசா இன்னும் நின்றுகொண்டிருந்தார். சீமோன்தான் சேட்டு நுனியைப் பிடித்து இழுத்து இருத்தினார். அவர் திரும்பிப் பார்த்தபோது பின்சுவரோடு ஒருவரும் இல்லை.

இறுதியாட்டத்துக்கு முந்தின கிழமை வீட்டுப் போன் அடித்தது. மங்கையற்கரசி புட்டு அவித்துக்கொண்டிருந்தார். றொனால்ட் அண்ணையின் பேரைப் பார்த்துவிட்டு ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

“அன்பு, மனஸ்தாபம் ஒண்டும் இல்லைத்தானே? ஃபைனல் அண்டைக்கு நன்றியுரை நீர்தான் சொல்லவேணும். அப்பத்தான் சனத்துக்கும் தெரியும், நாங்கள் எல்லாம் ஒண்டு எண்டு.”

மங்கையற்கரசி அகப்பையோடு திரும்பி நின்று, மாட்டன் என்று சொல்லுங்கோ என்று வாயசைத்தார். சத்தமில்லாமல் இரண்டுதரம் அசைத்தார். அன்புராசா அவரைப் பார்த்தார். அந்தச் சொல் தொண்டைவரைக்கும் வந்தது, சத்தியமாக வந்தது. போனுக்குள் அண்ணை காத்திருந்தார். ஒரு மனிதர் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறபோது அந்த மௌனத்தைத் தாங்குகிற சக்தி அன்புராசாவுக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

“ஓம் அண்ணை” என்றார்.

மங்கையற்கரசி அடுப்பை நிற்பாட்டிவிட்டு மேலே போய்விட்டார். இறுதியாட்டத்துக்குக் கோட்டை மட்டும் அயன்பண்ணிக் கதவில் கொழுவியிருந்தார்.

ஞானவேலர் வென்றது. நல்ல வெயில், நல்ல சனம், கொத்துரொட்டிக் கடையில் நீண்ட வரிசை. வடலிப்பிட்டிப் பெடியன்கள் வரவில்லை. திலக்சன் மட்டும் வந்து வேலியோடு நின்றான். அக்கா அனுப்பியிருப்பா என்று அன்புராசா நினைத்தார். கிண்ணம் கொடுத்து, படம் எடுத்து முடிந்தபிறகு அவரைக் கூப்பிட்டார்கள். இந்த முறை மைக்கை யாரோ அவருடைய உயரத்துக்கு இறக்கிவைத்திருந்தார்கள்.

நகரசபைக்கு நன்றி சொன்னார். மத்தியஸ்தர்களுக்கு, அனுசரணையாளர்களுக்கு, கொத்துரொட்டிக்காரருக்கு நன்றி சொன்னார். தெரிவுக் குழுவுக்கும் நன்றி சொன்னார், குரல் தடக்கவில்லை. பிறகு பங்குபற்றிய கல்லூரிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி நன்றி கூறவேண்டும். அதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. நன்றியுரை சொல்கிறவர் தன்னுடைய கல்லூரியைச் சொல்லமாட்டார். தன் பள்ளிக்கூடத்துக்குத் தானே நன்றி சொல்வது அழகில்லை. தலைவரோ செயலாளரோ பேசுகிறபோது அந்தப் பெயர் வந்திருக்கும், அதனால் குறையாகத் தெரியாது. அன்றைக்குத் தலைவரின் பேச்சு முழுக்க இறுதியாட்டக்காரர்களைப் பற்றியே போய்விட்டது.

அன்புராசா பதினொரு பெயர்களையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு ஒருகணம் நின்றார். வேலியோடு நின்ற திலக்சன் கட்டுப்போட்ட கையைக் கம்பியில் வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு பெயர். சொன்னால் யார் என்ன செய்யப்போகிறார்கள்? ஒலிபெருக்கியில் மைதானம் முழுக்கக் கேட்கும். அவருக்கு வாய் திறந்தது. முன்வரிசையில் றொனால்ட் அண்ணை கைதட்டுவதற்குக் கையை உயர்த்திவைத்துக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தார்.

“நன்றி, வணக்கம்” என்றார் அன்புராசா.

எல்லாரும் கைதட்டினார்கள். றொனால்ட் அண்ணை முதுகில் தட்டி, “வடிவாச் சொன்னீர்” என்றார். சனம் கலைந்தது. திலக்சன் வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தான்.

“மாமா, எங்கட பேரைச் சொல்லேல்லை.”

“சொல்லுற வழக்கமில்லை, தம்பி.”

அவன் தலையை ஆட்டிவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான். கூட்டிக்கொண்டு போய் விடுகிறேன் என்று அவர் கூப்பிட்டதற்கு வேண்டாம் என்று கை காட்டினான். எவ்வளவு சுலபமாகச் சொல்கிறான் என்று அன்புராசா பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் யாரோ அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மிஞ்சிய தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளையும் மடக்குக் கதிரைகளையும் அண்ணையின் அலுவலகத்துக்குக் கொண்டுபோகவேண்டுமாம், வான்காரன் போய்விட்டானாம். அவர் கோட்டைக் கழற்றி மடித்து முன்சீற்றில் வைத்துவிட்டு, கார்த் திறப்பை எடுத்தார்.